நரி போய் நாய் வந்தது: ஒரு தோட்டத்துச் சாளையைச் சுற்றி

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இங்கே நிறையப் பேர் ஊருக்குள் குடியிருப்பதில்லை. அவரவர் நிலத்துக்கு நடுவில் தனியாக ஒரு வீடு. அதைத் தோட்டத்துச் சாளை என்போம். பக்கத்துச் சாளைக்குப் போக இரண்டு மூன்று காடு தாண்ட வேண்டும். காடு என்று நாங்கள் சொல்வது வனத்தை அல்ல, மானாவாரி நிலத்தை. தெருவிளக்கு கிடையாது. ராத்திரி ஒரு சத்தம் கேட்டால் அது என்ன என்று நாமேதான் போய்ப் பார்க்க வேண்டும்.

எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, காலத்தில் "பட்டியில நரி பூந்துருச்சு" என்று ஒருவர் கத்தினால் நாலு சாளைக்காரர்களும் தடியை எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். இன்றைக்கும் அந்தக் கத்தல் கேட்கிறது. ஆனால் கத்துகிறவர் சொல்லும் பெயர் வேறு. "நாய் பூந்துருச்சு." இந்தப் பெயர் எப்படி மாறியது என்பதைத்தான் எழுத நினைத்தேன். அதைச் சொல்லப் போனால் பாம்பையும் மயிலையும் சொல்லாமல் முடியாது. எல்லாம் ஒரே கணக்கில் சேர்ந்தவை. சாளைக்கு எந்த உயிர் வரும், எது வராமல் போகும் என்பது பெரும்பாலும் சாளையில் நாம் எதைப் போட்டு வைத்திருக்கிறோம், எதை எடுத்துவிட்டோம் என்பதைப் பொறுத்தது.

முதலில் பாம்பு. வீட்டுக்குப் பின்னால் சோளத்தட்டுப் போர் இருக்கும். மாட்டுக்கு வருடம் முழுக்கத் தீனி அதுதான். போருக்கடியில் எலிக்கு உதிர்ந்த மணியும் கிடைக்கும், மறைவும் கிடைக்கும். எலி இருக்கும் இடத்துக்கு நல்லபாம்பும் சாரையும் வரும். எலி தோண்டிய வளையே பாம்புக்கு வீடாகிவிடும். சோளம், கடலை என்று எந்த மூட்டை வீட்டில் இருந்தாலும் இதே கதைதான். வாசலில் ராத்திரி முழுக்க எரிகிற விளக்கும் ஒரு காரணம். விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தேரை வரும், தேரைக்குப் பாம்பு வரும். வீட்டை வெளிச்சமாக வைத்தால் பாம்பு அண்டாது என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். எரிகிற விளக்கைவிடக் கையில் இருக்கிற டார்ச்தான் உதவும்.

நம் ஊரில் உயிருக்கு ஆபத்தான கடிகளில் பெரும்பாலானவை நான்கு பாம்புகளால் வருகின்றன: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நான்கும் வீட்டை நெருங்கும் விதம் ஒன்றுபோல் இருக்காது. நல்லபாம்பு எலிக்கும் கோழி முட்டைக்கும் வரும். பார்த்தால் படமெடுத்துச் சீறும், விலகப் பார்க்கும். கண்ணாடி விரியன் தென்னை மட்டைக் குவியலிலும் சருகிலும் அசையாமல் கிடக்கும். அதன் மேல் கால் பட்ட பிறகுதான் அது இருப்பதே தெரியும். சுருட்டை சின்னது. கல்லுக்கடியிலும் வறண்ட மேட்டிலும் இருக்கும். வீட்டுக்குள் வந்து கடிப்பது என்று பார்த்தால் கட்டுவிரியனைத்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

கட்டுவிரியனைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அது ராத்திரியில் நடமாடுவது. மற்ற பாம்புகளையும் எலியையும் பல்லி, அரணையையும் தேடிக்கொண்டு சுவரோரமாகவே ஊர்ந்து வீட்டுக்குள் வந்துவிடும். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர் தூக்கத்தில் கையையோ காலையோ அதன் மேல் போட்டால் கடிக்கும். பல் மிகச் சிறியது. வலி பெரும்பாலும் இருக்காது, வீக்கமும் இருக்காது. பல நேரம் கடித்த இடமே தெரியாது. விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்று எழுவார்கள். ராத்திரி சாப்பிட்டது சேரவில்லை என்று சோடாவோ சுக்குத் தண்ணியோ கொடுப்பார்கள். அதற்குள் கண் இமை தொங்க ஆரம்பிக்கும், பேச்சு குழறும், அப்புறம் மூச்சு. தரையில் படுத்தவர் காலையில் வயிற்று வலியோடு எழுந்து, இமையைத் தூக்க முடியாமல் தவித்தால் பாம்பு என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். இது தெரியாததால் போன உயிர்கள் எங்கள் பக்கமே உண்டு.

இதற்கு ஒரு எளிய காப்பு இருக்கிறது. கொசுவலை. வலையின் ஓரத்தைப் பாய்க்கடியில் நன்றாகச் செருகிவிட்டுப் படுத்தால் கட்டுவிரியன் உள்ளே வர முடியாது. கட்டில் இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் அப்பத்தா கடைசிவரை கயிற்றுக் கட்டிலை விட்டுக் கீழே படுத்ததில்லை. "மண்ணுல படுத்தா மண்ணுல இருக்கறது வரும்" என்பார். சின்ன வயதில் அதைப் பேய்க்கதை போலக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

கட்டுவிரியன் என்று நினைத்து ஓநாய்ப் பாம்பை அடித்துக் கொல்வது மிகவும் சகஜம். அதற்கு விஷம் கிடையாது. பல்லி தேடிச் சுவரேறி வரும். உற்றுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஓநாய்ப் பாம்புக்குப் பட்டைகள் கழுத்திலிருந்தே ஆரம்பித்து வால் பக்கம் போகப்போக மங்கிவிடும். கட்டுவிரியனுக்குத் தலையிலிருந்து சற்றுத் தள்ளி ஆரம்பித்து வால் நுனிவரை தெளிவாகப் போகும். ஆனால் ராத்திரியில் குனிந்து பார்த்து முடிவு செய்யும் வேலை இது இல்லை. விலகி நின்று, பாம்பு பிடிக்கத் தெரிந்தவரையோ தீயணைப்பு நிலையத்தையோ கூப்பிடுவதுதான் சரி. அதேபோல் சாரையும் நல்லபாம்பும் பிணைவதாகச் சொல்வதும் தவறு. இரண்டு பாம்பு பின்னிக்கொண்டு எழுந்து நிற்பதைப் பார்த்தால், அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் பலம் பார்ப்பது.

2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறக்குறைய 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாகக் கணக்கிட்டது. வருடத்துக்குச் சராசரி 58,000. இதில் ஏறக்குறைய பாதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் நடந்தவை. பெரும்பாலானவர்கள் கிராமங்களில், வீட்டிலேயே இறந்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2017-ல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. அதாவது மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு கடியும் கணக்கில் வர வேண்டும். எந்த வட்டாரத்தில் எத்தனை என்று தெரிந்தால்தானே அங்கே மருந்தை வைக்க முடியும்?

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து பாம்புத்தோல் வியாபாரம் நின்றபோது பிழைப்பை இழந்த இருளர்கள், அதே கைத்திறனை வைத்து விஷம் எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். பாம்பைப் பிடித்து, சில வாரம் வைத்திருந்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். இந்தியாவின் விஷமுறி மருந்தில் பெரும்பங்கு இவர்கள் எடுத்த விஷத்தை நம்பி இருக்கிறது. இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எலி பிடிப்பதிலும் இருளர்களுக்கு இணை கிடையாது. வரப்பைத் தோண்டி எலியைப் பிடிக்கும்போது, எலி சேர்த்து வைத்த நெல்லும் அவர்களுக்குக் கிடைக்கும். விஷம் வைத்து எலியைக் கொன்றால் அந்த எலியைத் தின்னும் கூகைக்கும் கீரிக்கும் வீட்டு நாய்க்கும் ஆபத்து. வளை தோண்டிப் பிடிக்கும் எலியால் அந்த ஆபத்து இல்லை.

கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், ஓடவிடாமல், விஷமுறி மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டிய அவசியமும் இல்லை. மருந்து நான்குக்கும் சேர்த்த ஒரே மருந்துதான்.

பாம்பு வருவதை முன்கூட்டிச் சொல்லும் உயிர்களும் சாளையைச் சுற்றியே இருக்கின்றன. தவிட்டுக் குருவிகள் கூட்டமாகச் சேர்ந்து ஒரு புதரைப் பார்த்துக் கத்தினால் அங்கே பாம்போ பூனையோ இருக்கிறது. அணில் ஒரே இடத்தில் வாலை உதறிக்கொண்டு விடாமல் கத்தினாலும் அப்படித்தான். எங்கள் அம்மா அடுப்படியில் இருந்தபடியே அணில் சத்தத்தை வைத்து "போர்ப் பக்கம் போகாதீங்க" என்று குரல் கொடுப்பார். கினிக்கோழி வளர்ப்பவர்களும் இதற்காகத்தான் வளர்க்கிறார்கள். புது ஆள் வந்தாலும் பாம்பு வந்தாலும் அது ஊரைக் கூட்டிவிடும்.

கோழிக்கு எதிரிகள் நிறைய. பகலில் வல்லூறும் கீரியும், ராத்திரியில் மரநாயும் காட்டுப்பூனையும். உடும்பு முட்டைக்கு வரும். குஞ்சுகளைக் கூடையில் கவிழ்த்து மேலே கல் வைப்பதும், கூட்டின் கதவு இடுக்கில்லாமல் சேர்வதும்தான் இதற்கெல்லாம் பதில். ஆட்டுக்கல் மாதிரி கனமாக எதையாவது வைக்காவிட்டால் கீரி கூடையைப் புரட்டிவிடும்.

மயிலைப் பற்றி இன்று எந்த விவசாயியிடம் கேட்டாலும் பெருமூச்சு விடுவார். என் சின்ன வயதில் மயில் பார்க்க வேண்டுமென்றால் கோயில் மலைக்குப் போக வேண்டும். இப்போது காலையில் வாசல் தெளிக்கும்போது ஏழெட்டு மயில் வாசலில் நிற்கின்றன. விதைத்த கடலையைக் கிளறித் தின்னும், தக்காளியைக் கொத்தும், மிளகாயையும் விடாது. 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கையும் மயில்கள் நாடு முழுக்கப் பெருகி வருவதாகவே சொல்கிறது. 1963 முதல் தேசியப் பறவை, சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் இருப்பது, அடித்தால் சிறை. அடிக்காமல் விட்டது மட்டும் காரணமா என்றால், என் பார்வையில் இல்லை. உழாமல் விட்ட நிலங்களில் சீமைக்கருவேலம் புதராகிவிட்டது. மயிலுக்கு அது நல்ல மறைவு. தரையில் முட்டையிடும் பறவை அது. முட்டையையும் குஞ்சையும் தின்று கணக்கைச் சமன் செய்துகொண்டிருந்த நரி குறைந்துவிட்டது. மருந்து கலந்த தானியத்தைத் தூவி மயில்களைக் கொத்தாகக் கொன்ற செய்திகள் வருகின்றன. அந்தத் தானியம் மயிலோடு நிற்பதில்லை. கவுதாரியும் புறாவும் கோழியும் அதைத் தின்று சாகின்றன.

சரி, நரி எங்கே போனது?

எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலத்தைக் கொறங்காடு என்போம். சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். வெள்வேலங்காய் உதிர்ந்தால் ஆட்டுக்குத் தீனி. காங்கேயம் மாடு வளர்ந்ததே இந்த நிலத்தில்தான். கிளுவை வேலி வெறும் வேலி அல்ல. உயிரோடு வளர்ந்து தடித்த செடி; அதன் அடியில் முயலும் கவுதாரியும் கீரியும் நரியும் இருந்தன. நரி என்று பொதுவாகச் சொன்னாலும் அவை இரண்டு வகை. ஊளையிடும் பெரிய நரி ஒன்று. அதைவிடச் சின்னதான குள்ளநரி, வங்காநரி என்றும் சொல்வார்கள், இன்னொன்று. இரண்டுக்கும் எலி, பூச்சி, இலந்தைப்பழம், செத்த பிராணிதான் முக்கியத் தீனி. பெரிய நரி வாய்ப்புக் கிடைத்தால் ஆட்டுக்குட்டியைத் தூக்கும். ஆனால் ஓர் இரவில் அது ஒரு குட்டிக்கு மேல் கொண்டுபோனதாக அப்பாரு சொல்லி நான் கேட்டதில்லை.

இரண்டையும் நாம் பல வழியில் துரத்தினோம். கிளுவை வேலியை வெட்டிவிட்டுக் கல்தூணும் கம்பியும் நட்டோம். நரிக்கொம்பு என்று இல்லாத ஒன்றைச் சொல்லி விற்பதற்காக நரியைக் கொன்றார்கள். சேலம் வாழப்பாடிப் பக்கம் பொங்கலுக்கு வங்காநரியைப் பிடித்துவந்து ஓடவிடும் வழக்கம் இருந்தது. வனத்துறை தடுத்து வருகிறது. இவை போக, தெருநாய்களிடமிருந்து நரிக்கு வெறிநோயும் நாய்களுக்கு வரும் வேறு கொள்ளைநோய்களும் தொற்றும். நாய் பெருகிய இடத்தில் நரி நிற்க முடியாது. தீனிக்கும் இடத்துக்கும் இரண்டும் போட்டி. நாய் உடம்பில் பெரியது, எண்ணிக்கையிலும் அதிகம்.

நாய் ஏன் பெருகியது? பல்லடம் வட்டாரம் கறிக்கோழிப் பண்ணைகளுக்குப் பேர்போனது. சுற்றுவட்டாரத்தில் எந்த ஊருக்குப் போனாலும் கோழிக்கறிக் கடை இருக்கிறது. கடைக்கழிவை மூட்டை கட்டி ராத்திரியில் பள்ளத்திலோ சாலையோரத்திலோ வீசிவிட்டுப் போகிறார்கள். பெண் நாய் இரண்டு மாதம் சினையிருந்து, வருடத்தில் இரண்டு முறை கூடக் குட்டி போடும். தீனி எவ்வளவோ அவ்வளவு குட்டி பிழைக்கும். இறைச்சி வாடைக்குப் பழகிய நாய்கள் கூட்டமாகச் சேர்ந்து, கழிவு கிடைக்காத நாளில் கொறங்காட்டுப் பக்கம் வருகின்றன. முன்பு பட்டியில் ஆள் படுத்திருப்பார். பட்டி நாய் கூடவே இருக்கும். இப்போது பையன்கள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். ஆடு கம்பிவேலிக்குள் தனியாக இருக்கிறது.

பட்டிக்குள் நாய் புகுந்தால் நடப்பது நரி செய்ததைப் போல இருக்காது. ஆடு மிரண்டு ஓடும். ஓடுவதைத் துரத்துவது நாயின் சுபாவம். வெட்டவெளியில் என்றால் ஒன்றைப் பிடித்ததும் மற்றவை தப்பித்துவிடும். பட்டிக்குள் தப்பிக்க வழியில்லை. ஓடிக்கொண்டே இருக்கிற ஆடுகளை ஒவ்வொன்றாகக் கடித்துப் போட்டுக்கொண்டே போகும். தின்பதற்காக அல்ல. காலையில் போய்ப் பார்த்தால் பத்து, இருபது ஆடு குதறப்பட்டுக் கிடக்கும். பாதி உயிரோடு இருப்பவற்றின் கண்ணைப் பார்க்க முடியாது. எங்கள் பெரியப்பா ஒரு விடியலில் 14 ஆடுகளைப் பறிகொடுத்துவிட்டு அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அந்த ஆடுகள்தான் அவர் மகளின் கல்லூரிக் கட்டணம்.

2024, 2025 ஆண்டுகளில் காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பகுதி விவசாயிகள் செத்த ஆடுகளோடு சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். வனவிலங்கு கொன்றால் நிவாரணம் உண்டு, நாய் கொன்றால் கிடையாது என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. அதன் பிறகே தெருநாய் கடித்துச் செத்த ஆடுகளுக்கும் நிவாரணம் வந்தது. வந்தது நல்லது. ஆனால் நாய் வீட்டு விலங்கு என்ற எண்ணத்திலேயே சட்டமும் நிர்வாகமும் நின்றுவிட்டன என்று எனக்குத் தோன்றுகிறது. 2023-ன் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள்படி தெருநாயைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். மாநகராட்சிக்கு ஆளும் வண்டியும் இருக்கும். பள்ளத்தோரம் குட்டி போடும் நாயைப் பிடிக்க ஓர் ஊராட்சியிடம் என்ன இருக்கிறது? கருத்தடையும் கழிவை நிறுத்துவதும் சேர்ந்து நடந்தால்தான் எண்ணிக்கை குறையும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் காசுதான் செலவாகும்.

பட்டி நாயின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. தொறுப்பூசலில், அதாவது மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில், செத்த வீரனோடு அவன் நாயையும் அதில் செதுக்கி, நாயின் பெயரைக் கோவிவன் என்று எழுதி, அது இரண்டு கள்வரைக் கடித்து நின்றதையும் சொல்லியிருக்கிறார்கள். மனிதனோடு இருந்த நாய் அது. ஆளில்லாத பட்டியில் புகும் நாய்க்கு அப்படி ஒரு ஆள் வாய்க்கவில்லை. நாய் கடித்தால், அது வீட்டு நாயாகவே இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். 0, 3, 7, 28 என்று நாள் கணக்கு. நடுவில் விடக் கூடாது. வெறிநோய் முற்றி அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழியே இல்லை.

கொங்கு நாட்டில் புலிகுத்திக் கற்கள் நிறையக் கிடைக்கின்றன. மாட்டையும் ஆட்டையும் காக்கப் போய்ப் புலியோடு பொருதிச் செத்தவர்களுக்கு நட்ட கற்கள். ஆகவே பெரிய விலங்கு சாளைக்கு வருவது இன்றைய புதுமை இல்லை. 2022 ஜனவரியில் அவிநாசிப் பக்கம் பாப்பாங்குளத்தில் சோளக்காட்டுக்குள் இருந்த சிறுத்தை ஆட்களைத் தாக்கியது. சில நாளில் திருப்பூரில் பிடித்தார்கள். 2023-ல் ஊதியூர் மலையில் ஒரு சிறுத்தை தங்கி ஆடு பிடித்தது. ஆள் உயரச் சோளக்காடு சிறுத்தைக்கு நல்ல மறைவு. கட்டியிருக்கும் ஆடும் தெருநாயும் சுலபமான இரை. அது வந்துவிட்டது என்று தெரிந்தால் கூட்டம் கூடிச் சுற்றி வளைப்பதுதான் மிகப் பெரிய தவறு. வழி அடைபட்ட சிறுத்தை எதிரில் இருப்பவர் மேல் பாயும். பாப்பாங்குளத்தில் நடந்ததும் சோளக்காட்டுக்குள் ஆள் புகுந்த பிறகு நடந்ததே.

எங்கள் தோட்டத்தின் தெற்கு வேலியை மட்டும் அப்பா கடைசிவரை கம்பியாக மாற்றவில்லை. கிளுவை அங்கே இப்போதும் மார்பளவு நிற்கிறது. போன மழைக்குப் பிறகு ஒரு ராத்திரி அந்தப் பக்கத்திலிருந்து நரி ஊளை கேட்டது. பல வருடம் கழித்து. அம்மா டார்ச்சை எடுத்துக்கொண்டு பட்டிக்குப் போய் ஆடுகளை எண்ணிவிட்டு வந்தார். எல்லாம் இருந்தன. கதவைச் சாத்தப் போனவர் சாத்தாமல், ஆசாரத்துப் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.